காலை 10.42, யானைக்கு ஒரு வாழைப்பழம்

சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போகும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், சிங்கம் கட்டாயம் தெரியுமா?" என்பதுதான். வாடிக்கையாளர் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்கக் கூடாது. நம்முடைய பயணத் திட்டத்தின் நகல் எதுவும் சிங்கத்துக்குப் போவதில்லை. மலைக்கும் போவதில்லை. இது எனக்குப் புரிய இருபத்தாறு வருடம் ஆயிற்று. உங்களுக்குச் சீக்கிரம் புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். புரியும் என்ற நம்பிக்கை குறைவு. எனக்கும் பலர் சொன்னார்கள், நான் கேட்கவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரே நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். முதல் பாதி காசி, பத்ரிநாத். பின்பாதியில் வெளிநாடு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். சட்டைப் பையில் அடங்குகிற அளவு. கிழமை, மணி, இடம், வானிலை, கண்ணில் பட்டது. எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்று: நான் கண்டதை மட்டும் எழுதுவது, கேட்டதை எழுதுவதில்லை. பழைய காலத்துப் பயணிகளின் புத்தகங்களை நிறையப் படித்ததால் வந்த பழக்கம் அது. எவன் கண்டதையும் கேட்டதையும் கலந்து எழுதுகிறானோ அவனை ஐம்பது பக்கத்துக்கு மேல் என்னால் நம்ப முடிந்ததில்லை. இந்த விதியை நான் மீறியது ஒரே ஒரு தடவை. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆப்பிரிக்கப் பயணத்துக்கு ஆள் சேர்க்க ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தோம். திரையில் படம் காட்டினோம். கென்யாவின் தெற்கு எல்லையில் ஒரு வனச் சரணாலயம். பின்னணியில் கிளிமஞ்சாரோ. மலை நிற்பது அடுத்த நாடான தான்சானியாவில், ஆனால் அழகாகத் தெரிவது இந்தப் பக்கத்திலிருந்து. உச்சியில் பனி, கீழே மஞ்சள் புல்வெளி, நடுவில் யானைக் கூட்டம். அந்தப் படத்தைப் போட்டதும் மண்டபம் அமைதியாகி விட்டது. அமைதியைக் கண்டால் சும்மா இருக்க வேண்டியதுதானே? நான் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "நம்ம கோயில் யானைய எவ்வளவு கிட்ட பாக்கறீங்களோ, அவ்வளவு கிட்ட பாக்கலாம். இந்த மலையத் தெனமும் காலையில சன்னலத் தொறந்தா பாக்கலாம்."

இரண்டு வாக்கியம். இரண்டும் முழுப் பொய் இல்லை. யானைகள் வண்டிக்கு நாலடி பக்கத்தில் நடந்து போவதுண்டு. மலையும் பல காலைகளில் தெரிவதுண்டு. ஆனால் 'உண்டு' என்பதை 'பார்க்கலாம்' என்று மாற்றியது நான். அன்று பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரும் இரண்டு வண்டிகளில் போனோம். என் வண்டியில் ஆறு பேர். அதில் மூன்று பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஏகாம்பரம் ஐயா, வயது அறுபத்தெட்டு, ஐயம்பேட்டையில் சொந்தத் தறிகள். வெள்ளிக்கிழமை தோறும் கோயில் யானைக்கு ஒரு சீப்பு பழம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து ஆசீர்வாதம் வாங்குகிறவர். வெளியூரில் இருந்தாலொழிய அது தவறியதில்லை. அவர் மனைவி சரோஜா அம்மா. அவரும் நெசவு தெரிந்தவர், கணவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர் என்று அவரே சொல்வார். மூன்றாமவர் டெய்சி சிஸ்டர், வாலாஜாபாத். அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் விமானத்திலேயே ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, உப்பு ஊறுகாயைப் பிடுங்கி வைத்துக்கொண்டவர்.

எங்கள் ஓட்டுநரின் பெயரை எழுதவில்லை. அங்கே ஓட்டுநர்தான் வழிகாட்டி. பறவைகள், விலங்குகள், தடங்கள் எல்லாவற்றிலும் தேர்வு எழுதித் தேறினால்தான் நெஞ்சில் குத்திக்கொள்ளும் பித்தளை வில்லையைத் தருவார்கள். வில்லை இல்லாமல் சரணாலயத்துக்குள் வண்டி ஓட்ட முடியாது. ஒன்பது வருடம் வண்டி கழுவிக்கொண்டே படித்து வாங்கியதாக முதல் நாள் சொன்னார். சொல்லும்போது கட்டை விரலால் அதை ஒரு முறை துடைத்துக்கொண்டார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்கு ஆசான் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். மூன்று நாள் பழக்கம்தான்.

ஞாயிறு பிற்பகல் போய்ச் சேர்ந்தோம். மலை இருக்க வேண்டிய இடத்தில் அழுக்கு வேட்டியை உலர்த்தியது போல மேகம். "எங்கபா மலை?" என்றார் ஏகாம்பரம். நான் கையைக் காட்டினேன். "அது மேகம்பா." அதற்குப் பின்னால் இருக்கிறது என்றேன். "பின்னால இருக்குறத நீ எங்க ஊர்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டுநர் பொறுமையாக விளக்கினார்: விடியற்காலையில் மேகம் இறங்கியிருக்கும், ஆறேகால், ஆறரைக்கு மலை தெரியலாம், ஏழரைக்கெல்லாம் மூடிக்கொள்ளும். நாளைக் காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். 'தெரியலாம்' என்றுதான் அவர் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்லும்போது 'தெரியும்' என்றாக்கிவிட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்தரைக்கு இரண்டு ஓட்டுநர்களும் தயார். எங்கள் பன்னிரண்டு பேரும் குளித்து, பட்டையிட்டு, பொட்டு வைத்து, விடுதியின் கூடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். எழுந்திருக்கவில்லை. ராகு காலமாம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது. நம் ஊர் ஏழரை, அங்கே காலை ஐந்து. ஆகவே அங்கத்து ஐந்திலிருந்து ஆறரை வரை வாசல் தாண்டக் கூடாது என்றார்கள். எனக்கு அவ்வளவு எரிச்சலிலும் ஒரு யோசனை தோன்றியது. ராகு காலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது, ஆகவே இந்த ஊர் உதயப்படி இங்கே ஏழரைக்குத்தான் தொடங்கும், இப்போது உடனே கிளம்பினால் தோஷமில்லை என்று வாதாடினேன். சாத்திரப்படி நான் சொன்னது சரி. அதனால்தான் வினை. கால் மணி நேரம் கூடிப் பேசி, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் அனுசரிப்பதாக முடிவு செய்தார்கள். நடுவில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் கிளம்பலாமே என்றேன். அந்த நேரத்தில் சிற்றுண்டி சாப்பிட்டார்கள்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குப் புறப்பட்டோம். மலை ஆறரையிலிருந்து ஏழு வரை தெரிந்ததாக விடுதிக்காரர்கள் சொன்னார்கள். கேட்டது என்பதால் நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. எங்கள் கூடத்துக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது.

வண்டியில் ஏறியதும் முறையீடு ஆரம்பித்தது. மலை எங்கே, சிறுத்தை எங்கே, பக்கத்து வண்டிக்காரர்கள் நேற்று ஏழு சிங்கம் பார்த்தார்களாமே. நம் ஊருக்கு வெளியூர்ப் பேருந்துகள் வரும். அரை நாளில் அத்தனை கோயிலையும் முடித்துக்கொண்டு பட்டுப் புடவையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே ஆட்கள்தான் இங்கே கையில் பட்டியலை வைத்துக்கொண்டு வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, காட்டெருமை என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிக்குதிரைக் கூட்டம் பாதை ஓரமாக, முதுகில் சின்னக் குருவிகளைச் சுமந்து நின்றது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். "அத அடிச்சாச்சி, போலாம்" என்றார்கள். அவர் என்ன என்று என்னைக் கேட்டார். எனக்கு மொழிபெயர்க்க வெட்கமாக இருந்தது.

ஏகாம்பரம் மட்டும் பட்டியலைத் தொடவில்லை. அவர் யானைக்காகக் காத்திருந்தார். நாற்பது வருடமாகப் புடவைக் கரையில் யானை போடுகிறவர். பத்தேகால் இருக்கும், காய்ந்த வெளியிலிருந்து சதுப்பு நிலத்தை நோக்கி யானைகள் வர ஆரம்பித்தன. தூரத்தில் முதலில் தெரிந்தது புழுதிதான். பிறகு சாம்பல் நிறத்தில் முதுகுகள். அவை அவசரப்படவில்லை. ஓட்டுநர் பாதையில் ஓர் இடம் பார்த்து வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். எங்களுக்குப் பின்னால் பத்தடியில் ஒரு தாயும் குட்டியும் பாதையைக் கடந்தன. முன்னால் வயதான ஆண் யானை ஒன்று தனியாக வந்தது. தந்தங்கள் தரையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி.

"காது பெருசு" என்றார் ஏகாம்பரம், மெதுவாக. "நான் போட்டதெல்லாம் சின்னக் காது." அவ்வளவு நேரத்தில் வண்டியில் பேசப்பட்ட உருப்படியான ஒரே பேச்சு அது.

குறிப்பேட்டைக் கையில் எடுத்தேன். அந்த வண்டிகளில் கூரை மேலே எழும்பி நிற்கும், பயணிகள் எழுந்து நின்று இடைவெளி வழியாகப் பார்ப்பார்கள். ஏகாம்பரம் எழுந்து நின்றார். யானை எங்கள் பக்கமாகத் திரும்பியது. அவர் மடியிலிருந்து, காலைச் சிற்றுண்டியில் எடுத்து வைத்திருந்த வாழைப்பழம் ஒன்றை எடுத்து நீட்டினார். யானை வாங்கிக்கொண்டது. அவர் அதோடாவது நிறுத்தியிருக்கலாம். முழுக்கப் பழக்கம்தான். அவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார், கண்ணை மூடினார், கைகளைக் கூப்பினார், துதிக்கைக்கு நேராகத் தலையைக் குனிந்தார். கணவர் குனிந்ததைப் பார்த்துச் சரோஜா அம்மாவும் எழுந்து முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்தார்.

உங்களில் யாரும் சிரிக்க வேண்டாம். அங்கே யாரும் சிரிக்கவில்லை. துதிக்கை அவர் தலையை முகர்ந்தது. தேங்காயெண்ணெய் வாசனை அதற்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். பிறகு கூரை இடைவெளிக்குள் நுழைந்து இருக்கைகளைத் தடவியது. மடியில் இன்னும் மூன்று பழம் இருந்தது. தந்தத்தின் நுனி கதவில் உரசிய சத்தம் இப்போதும் என் பல்லில் இருக்கிறது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. நான் ஓட்டுநரைப் பார்த்து "எடுங்கள், எடுங்கள்" என்றேன். அவர் சாவியிலிருந்து கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"பின்னால் குட்டி நிற்கிறது" என்றார், திரும்பாமலே. "நான் பின்னால் போனால் தாய் வருவாள். முன்னால் போனால் இவரை இடிப்பேன். ஒருவரும் அசைய வேண்டாம். பழம் யாரிடம் இருக்கிறதோ, அதைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். எறிய வேண்டாம். எறிந்தால் நாளைக்கு வேறு வண்டியைத் தேடி வருவார்."

யானையை அவர் 'அவர்' என்றுதான் சொன்னார். நான் மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே டெய்சி சிஸ்டர் ஏகாம்பரத்தின் வேட்டி மடிப்பிலிருந்து மூன்று பழத்தையும் உருவி, தண்ணீர்ப் பெட்டிக்குள் போட்டு, மூடியை அழுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "குந்துங்க அண்ணா" என்றார், ஊசி போடுகிற குரலில். ஏகாம்பரம் உட்கார்ந்தார். யானை இன்னும் கொஞ்ச நேரம் தேடியது. ஒரு முறை பெருமூச்சு விட்டது. எங்கள் ஆறு பேர் முகத்திலும் புழுதியும் எச்சிலும். பிறகு சதுப்பை நோக்கி, ஒன்றும் நடக்காதது போல நடந்து போய்விட்டது.

நான் எழுதினேன்: 10.42, பழம். 10.44, துதிக்கை உள்ளே. 10.49, போய்விட்டது. நிதானமாக எழுதியதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். கிறுக்கலாகத்தான் இருக்கிறது.

அடுத்தது யானையைவிட மோசம்.

தூரத்திலிருந்து வனக் காவலர் ஒருவர் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறார். நண்பகல் வாயிலில் எங்கள் வண்டியை நிறுத்தினார்கள். அலுவலக அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடி, சீருடை, குரல் உயராத பேச்சு. யானைக்கு உணவு கொடுத்தது யார் என்று கேட்டார். ஓட்டுநர், "என் வண்டி, என் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பயணிகள் பக்கம் அவர் கண் போகவேயில்லை. அதிகாரி என்னிடம் திரும்பி, ஓட்டுநர் பழம் வைத்து யானையைக் கூப்பிட்டாரா, சிலர் படம் நன்றாக அமைய அப்படிச் செய்வதுண்டு, நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்றார்.

வண்டிக்குள்ளிருந்து பன்னிரண்டு கண்கள் என்னைப் பார்க்கின்றன. மறுநாள் எட்டு மணிக்குக் கிளம்பினால்தான் விமானம். விசாரணை என்று ஆரம்பித்தால் எப்போது முடியுமோ. குழுவின் பெயர் கெடக் கூடாது என்பது எங்கள் முதலாளியின் முதல் பாடம். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. சட்டைப் பையில் 10.42 என்று எழுதி வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "கவனிக்கவில்லை."

அதிகாரி கையை நீட்டினார். ஓட்டுநர் வில்லையைக் கழற்றிக் கொடுத்தார். ஊசி சட்டையில் மாட்டிக்கொண்டு உடனே வரவில்லை. இரண்டு மூன்று முறை முயன்று எடுத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அலுவலகத்துக்கு வர வேண்டும், வில்லை திரும்பக் கிடைக்குமா என்று அப்போது முடிவாகும் என்றார்கள். விடுதி வரைக்கும் காவலர் ஒருவர் எங்கள் வண்டியை ஓட்டினார். ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, வழியில் ஒரு பறவையைக் காட்டிப் பெயர் சொன்னார். பழக்கம்தான். பட்டியலில் யாரும் கோடு போடவில்லை.

மாலைத் தேநீரின்போது எல்லோரும் விடுதியின் புல்வெளியில் இருந்தோம். மேகம் அப்படியே நின்றது. நாளைக் காலை கடைசி வாய்ப்பு, செவ்வாய்க்கிழமை ராகு காலம் பிற்பகலில்தான், எந்த ஊர் மணிப்படியும் தடையில்லை என்று ஒருவர் மகிழ்ச்சியாகச் சொன்னார். டெய்சி சிஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளு நாளைக்கி என்னா ஆவான் தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

வில்லை போனால் மறுபடி வண்டி கழுவத்தான் போக வேண்டும் என்று சொன்னேன். ஏகாம்பரம் குறுக்கிட்டார். "ஆன வந்து கேட்டுச்சி, குடுத்தேன். எங்க ஊர்ல புண்ணியம், இங்க குத்தமா? என்னாபா நாயம் இது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. வண்டி ஏறும்போது நான்கு விதிகள் சொன்னேனே, உணவு கொடுக்கக் கூடாது என்பது அதில் இரண்டாவது விதியாயிற்றே, காதில் விழவில்லையா என்று சற்று உரக்கவே கேட்டேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். "வுழுந்துச்சி. அது காட்டு மிருகத்துக்குன்னு நெனச்சேன். நீதானேபா மண்டபத்துல மைக்கு புட்சிக்கினு சொன்ன, நம்ம கோயில் ஆன மாதிரின்னு."

அவர் அதோடு விடவில்லை. "ஆமா, அந்தம்மா உன்னாண்ட கேட்டாங்களே, நீ என்னா சொன்ன?"

"கவனிக்கலன்னு சொன்னேன்."

"கவனிக்கலியா? பக்கத்துல குந்திக்கினு மணி போட்டு எழுதிக்கினு இருந்தியேபா."

அந்தப் புல்வெளியில் எனக்குக் கிடைத்தது போல ஒரு பார்வை என் பணிக்காலத்தில் வேறெங்கும் கிடைத்ததில்லை. காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன், பேச்சைத் திருப்பியது சரோஜா அம்மா. புடவையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் இரண்டையும் இழை இழையாகக் கோத்து நெய்ய வேண்டும். கோர்வை என்பார்கள். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் தறியில் உட்கார்வார், இன்னொருவர் கரைப் பக்கம் நின்று, கரை நூல் கோத்த நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். சரோஜா அம்மா கணவரைப் பார்த்துச் சொன்னார்: "கோர்வை வுட்டுப் போச்சின்னா, பக்கத்துல நாடா தள்றவனையா கேப்பீங்க? தறியில குந்தினவனத்தான கேப்பீங்க. இன்னிக்கி தறியில குந்தினது யாரு?"

ஏகாம்பரம் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். பிறகு என்னிடம், "காலீல எத்தினி மணிக்கி அந்த ஆபீசு?" என்றார். ஆறு என்றேன். "மலை?" அதுவும் ஏறக்குறைய அப்போதுதான் என்றேன். "கூட வருவியா?" வருவேன் என்றேன். வராமல் என்ன செய்வது? திருத்த வேண்டிய வாக்குமூலம் என்னுடையதும்தானே.

செவ்வாய்க் காலை. மற்ற பதினொரு பேரும் இருட்டு விலகும் முன்பே இன்னொரு வண்டியிலும், விடுதி கொடுத்த வண்டி ஒன்றிலும் மலை பார்க்கப் போனார்கள். ஏகாம்பரமும் நானும் ஓட்டுநரும், அதே காவலர் வண்டியை ஓட்ட, வனக் காவல் அலுவலகத்துக்குப் போனோம். சின்னத் தகரக் கூரைக் கட்டடம். ஒரு மேசை, அதிகாரியின் நாற்காலி, எதிரே எங்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். ஓட்டுநர் அதிகாரிக்கு அருகில், சுவரோரமாக, எங்களைப் பார்த்தபடி நின்றார். வில்லை மேசை மேல் கிடந்தது.

நான் முதலில் பேசினேன். நேற்று பொய் சொன்னேன் என்று சொன்னேன். குறிப்பேட்டைத் திறந்து மூன்று வரிகளையும் காட்டி, ஆங்கிலத்தில் சொன்னேன். இந்தத் தவறு ஒரு கல்யாண மண்டபத்தில் தொடங்கியது என்பதையும் சொன்னேன். அதிகாரிக்கு அந்தப் பகுதி புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் ஏகாம்பரத்திடம் ஒரு தாளை நகர்த்தி, எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். நான் எழுதித் தருகிறேன், அவர் கையெழுத்து மட்டும் போடட்டும் என்றேன். ஏகாம்பரம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் செஞ்சத நான்தான் எழுதணும். நீ அப்புறம் மாத்திச் சொல்லு. சரியா சொல்லு."

தமிழில் எழுதினார். அவர் எழுதும் வேகம் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அளவெடுத்தது போல. தன் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில். வெள்ளிக்கிழமைப் பழக்கம். விதி காதில் விழுந்தது. பழம் எடுத்து வைத்தது. நீட்டியது. தலை குனிந்தது. வண்டி ஓட்டியவர் பழத்தைப் பார்க்கவும் இல்லை, தரச் சொல்லவும் இல்லை. ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதுமாக இருந்தேன். அதிகாரி வேறொரு பதிவேட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அறைக்குள் வெளிச்சம் கொஞ்சம் இளஞ்சிவப்பாக வந்தது. விடிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மொழிபெயர்த்துப் படித்தேன். சரியாகப் படித்தேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தலை குனிந்த இடம் வந்தபோது அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, ஏன் என்றார். ஏகாம்பரத்துக்குக் கேள்வி புரிந்துவிட்டது. எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி, அந்த அலுவலகத்தில் அப்படியே குனிந்து காட்டினார். அதிகாரி தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து ஓட்டுநருக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை எழுதினார். பயணி குனிவதற்கு முன்பே தடுத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதுவும் நியாயம்தான். ஏகாம்பரத்துக்கும் ஓர் எச்சரிக்கை. எனக்கு ஒன்றும் எழுதவில்லை. ஒரு பார்வை மட்டும். வில்லையை எடுத்து மேசை ஓரத்துக்குத் தள்ளினார். ஓட்டுநர் அதைக் குத்திக்கொள்ளும்போது ஊசி இந்தத் தடவை மாட்டவில்லை.

வெளியே வந்தபோது மணி 7.20. தெற்கே ஒரு வெள்ளைத் திரை இறங்கி முடிந்திருந்தது. அடிவாரத்தில் கொஞ்சம் நீலம் தெரிந்தது, அதுவும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. நான் திரும்பி அலுவலக ஜன்னலைப் பார்த்தேன். அது தெற்கு முகமாக இருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால், ஒரு கம்பி வலைக்கு அந்தப் பக்கம், ஐம்பது நிமிடம் அந்த மலை முழுதாக நின்றிருக்கிறது.

ஓட்டுநருக்கு அது தெரிந்தே இருந்தது. ஜன்னலைப் பார்த்தபடிதானே நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். என் குரலில் எரிச்சல் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

"பெரியவர் எழுதிக்கொண்டிருந்தார்" என்றார் அவர். "கை நின்றுவிடக் கூடாது என்று பார்த்தேன்." கதவைத் திறந்து ஏகாம்பரத்தை ஏற்றிவிட்டு, என் பக்கம் வந்து, வழியில் ஒரு பறவையைக் காட்டுகிற அதே சாதாரணக் குரலில் சொன்னார்: "நேற்றே வாயிலில் நீங்கள் சொல்லியிருந்தால், இன்று இரண்டு பேரும் மலையைப் பார்த்திருக்கலாம்."

விடுதிக்குப் போனால் எல்லோர் கைபேசியிலும் மலை. சரோஜா அம்மா கணவருக்குக் காட்ட ஓடி வந்தார். ஏகாம்பரம் வாங்கிப் பார்க்கவில்லை. "அத எடுத்து வையி. எப்டி இருந்துச்சி, நீ சொல்லு" என்றார். அவர் சொன்னார். முதலில் உச்சி மட்டும், சிவக்கக் காய்ச்சின இரும்பு மாதிரி. அப்புறம் வெளுத்துக்கொண்டே கீழே இறங்கியது. அடியில் யானைகள், எறும்பு மாதிரி. விமான நிலையம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். ஏகாம்பரம் நடு நடுவே கேள்வி கேட்டார். பனிக்குக் கீழே என்ன நிறம், அது சட்டென்று மாறியதா, கலந்து மாறியதா என்று. நான் முன் இருக்கையில் இருந்தேன். ஓட்டுநர் பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மைக்கைப் பிடித்தால் 'போகலாம்' என்று சொல்லுங்கள், 'பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள். யாராவது உங்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பையில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். அதே இடத்தில், அதே நிமிடத்தில். இதைச் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தக் குறிப்பேடு இப்போதும் என்னிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் விதியை மீறிய அந்த ஒரு வரி இருக்கிறது. சரோஜா அம்மா சொல்லச் சொல்ல, ஓடும் வண்டியில் எழுதியது:

கிளிமஞ்சாரோ. காலை 6.20 முதல் 7.10 வரை, முழுதும். கேட்டது.